வசவு கேட்கும் தூரம்

ஆறுமுகநயினார் செத்துத் தொண்ணூறு நாளில்
அவர் எண்ணை எடுத்துச்
சாத்தூரில் யாரோ ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.
வாய்க்கால் சங்கத்தின் கணக்கு
அந்த எண்ணில்தான் பூட்டியிருந்தது.
பதினோரு வருஷத்து முறைப்பட்டியல்,
கரை உடைந்த இடங்களின் படம்,
யாருக்கு எத்தனை மரக்கால் விதைப்பாடு,
யார் மடையை யார் ராத்திரியில் அடைத்தது என்கிற பஞ்சாயத்து,
எல்லாம் மேலே, மேகத்தில், இலவசமாக.

பையனுக்குப் போன் போட்டேன்.
தம்பி, ஆறு இலக்கம் வரும், அதை மட்டும் சொல்லு.
"ஓடிபி கேட்டா சொல்லாதீகன்னு
போனை எடுத்தாலே ஒரு அம்மா சொல்றாகளே,
நீங்க எந்த ஊருக் கும்பல்?"
வைத்துவிட்டான்.
அவன் செய்தது சரி.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கம்பெனிக்கு எழுதினேன்.
உங்கள் கவலை எங்களுக்கு முக்கியம் என்று
ஒரு நொடிக்குள் பதில்.
முக்கியமான எதற்கும் வீரவநல்லூரில்
ஒரு நொடியில் பதில் வந்ததில்லை.
நாலாவது கடிதத்துக்குப் பிறகு புரிந்தது:
அந்தப் பக்கம் ஆளே இல்லை.

நான் ஜெராக்ஸ் கடைக்காரி.
சேரன்மகாதேவிக் காலேஜ் ஒன்று கழித்துக் கட்டிய கம்ப்யூட்டரை
எடைக்கு வாங்கினேன், கிலோ இருபத்தெட்டு.
லாமினேஷன் மெஷினுக்கு மேலே பலகை அடித்து ஏற்றினேன்.
மூன்று மாதம், கடை அடைத்த பிறகு,
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
அனுமதி இல்லை. அனுமதி இல்லை.
என் மெஷின், என் கரண்ட்,
எனக்கே அனுமதி இல்லை.
பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, இருந்தது.

நிலையான முகவரி வேண்டும் என்றேன் இணையக்காரனிடம்.
"வெளியேருந்து உங்க வீட்டுக்குள்ள யாருக்கா வரப் போறா?"
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
மாசம் இருநூறு ரூபாய் கூடுதல்.
என் வீட்டுக்கு வாசல் உண்டு என்று
ஊருக்குச் சொல்ல வாடகை.

வியாழக்கிழமைதோறும் ஒரு டிஸ்க்
தூக்குவாளிக்குள் உட்கார்ந்து
கல்லிடைக்குறிச்சி பஸ் ஏறும்.
நாத்தனாரின் அப்பளக் கிடங்கில் இரும்புப் பெட்டி.
கடை எரிந்தாலும் பட்டியல் பிழைக்கும்,
கொஞ்சம் பெருங்காயம் மணக்கும்.

பெருமைப்பட ஒன்றும் இல்லை.
கரண்ட் போனால் நாங்களும் போவோம்.
அம்மன் கொடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால்
அப்டேட் ஒன்று பாதியில் நின்று
தெற்குப் பத்து முழுக்கப் பட்டியலில் காணவில்லை.
வாசலில் நின்ற கூட்டத்துக்கு
எழுபத்திரண்டு டீ. என் கணக்கில்.

போன மாசி.
அணை இறங்கி, முறைத் தண்ணீர்
நாள் கணக்கிலிருந்து மணிக் கணக்காகச் சுருங்கிய நேரம்.
ராத்திரி இரண்டு மணிக்கு ஷட்டரில் அடி.
கடைக்குப் பின்னால்தான் வீடு.
சங்கிலிபூதத்தான் மாமா, முழங்கால் வரை சேறு,
தோளில் மண்வெட்டி, கையில் செல்.
"ஏட்டி ஆவுடை! பட்டியல் வரலட்டி!
பதினேழாம் மடை எனக்கா, அந்த எடுபட்ட பயலுக்கா?
என்ன எழவுக்குட்டி மெஷினு வச்சிருக்க?"

சாவியைத் தேடும்போதே சிரிப்பு வந்துவிட்டது.
பதினோரு வருஷத்தில்
அந்தக் கம்பெனியை
ஒருத்தராலும் வைய முடிந்ததில்லை.
எந்த ஷட்டரைத் தட்டுவது?

யூபிஎஸ்ஸுக்குள் ஒரு பல்லி
இரண்டு முனையையும் தொட்டுக் கருகிக் கிடந்தது.
அவர் டார்ச் பிடித்தார்.
குச்சியால் தள்ளிவிட்டு
ஒயரை நேராகச் சுவரில் சொருகினேன்.
விசிறி இருமிக்கொண்டு சுற்றியது.
பல்லி செத்தால் என்ன பலன் என்று கேட்டார்.
பட்டியலைப் பார்த்துச் சொன்னேன்:
மடை அந்தப் பயலுக்குத்தான், நாலேகால் வரைக்கும்.

அதற்கும் என்னைத்தான் வைதார்.